மாத்திரையின் வேதிப் படத்தைப் படிப்பது எப்படி: ரத்தக் குழாய் அழற்சியை வைத்து ஒரு பயிற்சி

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர் இருக்கும் வீட்டில் ஒரு மாத்திரை டப்பா கட்டாயம் இருக்கும். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இருக்கிறது. அதில் உள்ள பெயர் ஒன்றை இணையத்தில் தேடினால் முதலில் வருவது அறுகோணமும் கோணல்மாணல் கோடுகளுமாக ஒரு படம். அதைப் பார்த்ததும் ‘இது நமக்கில்லை’ என்று கீழே தள்ளிவிட்டுப் பக்கவிளைவுகளைப் படிக்கப் போய்விடுகிறோம். கொஞ்சம் நில்லுங்கள். அந்த மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்பதில் பாதி அந்தப் படத்திலேயே இருக்கிறது, படிக்கக் கற்றுக்கொள்ள ஒரு மாலை நேரம் போதும். பென்சில், ரப்பர், நாலு வெள்ளைத் தாள், பிளஸ் டூ வேதியியலில் மறக்காமல் மிஞ்சியது கொஞ்சம், இவ்வளவுதான் தேவை.

தனித்தனியாக ஏதோ மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டால் மனதில் நிற்காது. அதனால் ஒரே நோயை எடுத்துக்கொள்வோம், தமனித் தடிப்பு. அதில் குழாயைக் கெடுப்பதும், வலி கிளப்புவதும், ரத்தத்தை உறையவைப்பதும், இவற்றையெல்லாம் அடக்குவதும் சின்னச் சின்னக் கரிம மூலக்கூறுகள்தான்.

முதலில் குழாய்க்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். வீட்டுத் தண்ணீர்க் குழாயில் உப்பு படிகிற மாதிரி ரத்தக் குழாயில் கொழுப்பு படிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், டாக்டர்களும் அவசரத்தில் அப்படித்தான் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கொழுப்பு சேர்வது குழாய்ச் சுவரின் உள்ளே. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் எல்டிஎல் துகள் சுவரின் உள்ளடுக்கைத் தாண்டிப் போய் மாட்டிக்கொள்கிறது, அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகிறது, உடம்பு அதை ஆபத்தான பொருளாகப் பார்த்து வெள்ளணுக்களை அனுப்புகிறது, வந்தவை விழுங்கி விழுங்கி நுரை மாதிரி உப்பிப்போய் அங்கேயே சாகின்றன, சாகும்போது அவை விடும் சமிக்ஞைகள் இன்னும் பல வெள்ளணுக்களைக் கூப்பிடுகின்றன. இதுதான் அழற்சி. படிவின் மேல்மூடி மெலிந்து ஒரு நாள் கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். ருடால்ஃப் விர்ச்சோ 1850களிலேயே இதை அழற்சி என்று எழுதினார். ஆனால் அழற்சியை மட்டும் குறைத்தால் மாரடைப்பு குறையுமா என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காண்டோஸ் என்ற ஆய்வில், முன்பே மாரடைப்பு வந்த 10,061 பேரில் ஒரு பகுதியினருக்கு அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதமான இன்டர்லூக்கின் 1 பீட்டாவைத் தடுக்கும் கானகினுமாப் என்ற ஊசியைப் போட்டார்கள். எல்டிஎல் குறையவில்லை. ஆனால் 150 மி.கி. ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோயால் இறப்பு மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. கூடவே உயிரைப் பறிக்கும் தொற்றுகள் அதிகரித்தன, அதனால் அந்த ஊசி இதய நோய்க்கு வழக்கத்துக்கு வரவில்லை. (அந்த ஊசி ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்ட பெரிய புரதம், அதைக் கோட்டுப் படமாக வரைந்து பயனில்லை. இங்கே சொல்வதெல்லாம் சின்ன மூலக்கூறுகளுக்கு.)

சரி, பென்சிலை எடுங்கள்.

மூலையை எண்ணுங்கள்

கோட்டுப் படத்தின் விதி ரொம்பச் சின்னது. எழுத்து எதுவும் போடாத ஒவ்வொரு மூலையும், ஒவ்வொரு கோட்டின் நுனியும் ஒரு கார்பன். கார்பனுக்கு எப்போதும் நாலு கை. படத்தில் தெரியும் கோடுகள் போக மிச்சக் கைகளை எல்லாம் ஹைட்ரஜன் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் வரைவதில்லை. ஆக்சிஜன், நைட்ரஜன், ஃபுளூரின் போன்றவற்றை மட்டும் எழுத்தில் போடுவார்கள், அவற்றின் மேல் உள்ள ஹைட்ரஜனையும் சேர்த்து எழுதிவிடுவார்கள்.

ஆஸ்பிரினை வரையுங்கள். ஓர் அறுகோணம், உள்ளே ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று இரட்டைக் கோடு, அதுதான் பென்சீன் வளையம். ஒரு மூலையிலிருந்து கார்பாக்ஸிலிக் அமிலத் தொகுதி, அதாவது ஒரு கார்பன், அதில் இரட்டைக் கோட்டில் ஓர் ஆக்சிஜன், ஒற்றைக் கோட்டில் ஓர் ஓஹெச் (ஹைட்ரஜன் ஒட்டிய ஆக்சிஜன்). பக்கத்து மூலையிலிருந்து ஓர் ஆக்சிஜன், அதைத் தொட்டு ஒரு கார்பன், அந்தக் கார்பனில் இரட்டைக் கோட்டில் இன்னோர் ஆக்சிஜன், கடைசியில் ஒரு சின்ன வால். இப்போது எண்ணுங்கள். வளையத்தில் 6 கார்பன், அமிலத்தில் 1, வால் பக்கம் 2, மொத்தம் 9. ஹைட்ரஜன்: வளையத்தில் இரண்டு மூலையில் வேறு ஆட்கள் உட்கார்ந்துவிட்டதால் மிச்சம் 4, அமிலத்தில் 1, வால் நுனியில் 3, மொத்தம் 8. ஆக்சிஜன் 4. புத்தகத்தில் உள்ள வாய்ப்பாட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் நீங்கள் படிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இந்த எண்ணும் வேலையை எரிச்சலாக நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். மூலக்கூறுகளை மனப்பாடம் செய்து செய்து மறந்துபோகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கையால் வரைந்து மூலையை எண்ணிய பிள்ளைக்கு மறப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு

வரைந்தது சரியா என்று பார்க்கவும், வாய்ப்பாட்டை மட்டும் வைத்துப் படத்தை ஊகிக்கவும் ஒரு கணக்கு உண்டு, நிறைவுறாமை எண் என்பார்கள். கார்பன் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி 2 கூட்டுங்கள், நைட்ரஜன் இருந்தால் அதையும் கூட்டுங்கள், ஹைட்ரஜனைக் கழியுங்கள் (ஃபுளூரின், குளோரின் இருந்தால் அவற்றையும் கழியுங்கள்), வந்ததைப் பாதியாக்குங்கள். ஆக்சிஜனைக் கண்டுகொள்ள வேண்டாம். வரும் எண்தான் மூலக்கூறில் உள்ள வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்ந்த மொத்தம். ஆஸ்பிரினுக்கு 18 கூட்டல் 2, கழித்தல் 8, பாதி 6. பென்சீன் வளையத்துக்கு 4 (ஒரு வளையம், மூன்று இரட்டை), இரண்டு கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புக்கு 2. சரியாக வருகிறது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடி. கொலஸ்ட்ராலில் 27 கார்பன், 46 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். செல்லின் ஜவ்வில் இருக்கும் கொழுப்பு அமிலமான அராக்கிடோனிக் அமிலத்தில் 20 கார்பன், 32 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். கணக்குப் போட்டால் இரண்டுக்கும் 5தான். ஆனால் கொலஸ்ட்ரால் அந்த ஐந்தில் நாலை வளையமாகவும் ஒன்றை இரட்டைப் பிணைப்பாகவும் செலவழித்திருக்கிறது. அராக்கிடோனிக் அமிலம் ஒரு வளையம்கூட வைக்கவில்லை, நாலு கார்பன் இரட்டைப் பிணைப்பு, அமில முனையில் ஒன்று. இந்த ஒரு வித்தியாசத்தால் ஒன்று விறைத்த பலகை ஆகிவிட்டது, இன்னொன்று வளைந்து நெளியும் கயிறு.

பலகையை முதலில் வரைவோம். மூன்று அறுகோணம், கடைசியில் ஓர் ஐங்கோணம், பக்கம் பக்கமாகச் சுவரைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி நிற்கும். வளையங்களில் மட்டும் 17 கார்பன், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மெத்தில் (ஒரே ஒரு கார்பன் கொண்ட குட்டைக் கோடு), ஐங்கோணத்திலிருந்து தொங்கும் 8 கார்பன் வால், ஆக 27. இடது ஓரத்தில் ஒரே ஓர் ஓஹெச். அவ்வளவு பெரிய உடம்பில் தண்ணீரோடு ஒட்டுவது அந்த ஒரே மூலைதான், மிச்சமெல்லாம் கொழுப்போடு கொழுப்பாக இருக்கத்தான் பார்க்கும். அதனால்தான் அது தானாக ரத்தத்தில் மிதக்க முடியாமல் எல்டிஎல் போன்ற வண்டியில் ஏறிப் போகிறது. அதனால்தான் குழாய்ச் சுவருக்குள் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் பலகைமேல் பலகையாக அடுக்கி ஊசி ஊசியாகப் படிகமாகிவிடுகிறது. அந்தப் படிகங்களை விழுங்கிய வெள்ளணுவுக்குள் என்எல்ஆர்பி3 என்ற எச்சரிக்கை அமைப்பு விழித்துக்கொண்டு இன்டர்லூக்கின் 1 பீட்டாவை வெளியே விடுகிறது என்று 2010இல் காட்டினார்கள். மேலே சொன்ன ஊசி தடுத்தது இதே இன்டர்லூக்கினைத்தான்.

வளையத்தை எண்ணுவதில் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். நோய்ப்பட்ட பெருந்தமனியில் கொலஸ்ட்ரால், ஆரோக்கியமான தமனியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்று 1910இல் அளந்து சொன்னவர் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் விண்டாஸ். கொலஸ்ட்ராலின் குடும்பமான ஸ்டீரால்களைப் பற்றிய பணிக்காக 1928இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் அப்போது அவரும் ஹைன்ரிச் வீலாண்டும் வைத்திருந்த கொலஸ்ட்ரால் வடிவத்தில் வளையங்களின் இணைப்பு தவறு. 1932இல் ஜே.டி. பெர்னல் எக்ஸ்ரே படிக ஆய்வில் இந்த வகை மூலக்கூறுகள் நீளமாகவும் மெலிதாகவும் இருப்பதைக் கண்டார், பழைய படமோ தடிமனாக இருந்தது. அதற்குப் பிறகுதான் நாம் இன்று வரையும் நாலு வளையம் வந்தது. விண்டாஸ் பெயரை மறக்காதீர்கள், கடைசி மூலக்கூறில் மறுபடியும் வருவார்.

அப்புறம், படத்தில் சில கோடுகள் தடித்த ஆப்பு மாதிரியும் சில புள்ளிப் புள்ளியாகவும் இருக்கும். ஆப்பு உங்களை நோக்கி வருகிறது, புள்ளிக் கோடு தாளுக்குப் பின்னால் போகிறது. கொலஸ்ட்ராலில் இப்படி இடம் வலம் மாறக்கூடிய கார்பன்கள் 8. அதாவது 256 விதமாக அமைந்திருக்கலாம், உடம்பு செய்வது ஒன்றே ஒன்றை.

இரண்டு இரட்டைக்கு நடுவே மாட்டிய கார்பன்

அராக்கிடோனிக் அமிலத்தை நிதானமாக வரையுங்கள், அழற்சியின் கதை அதில்தான் இருக்கிறது. அமில முனையில் உள்ள கார்பனுக்கு 1 என்று எண் கொடுத்துத் தொடங்கி 20 வரை போங்கள். இரட்டைப் பிணைப்புகள் 5, 8, 11, 14ஆம் கார்பன்களில் தொடங்குகின்றன. நாலும் சிஸ் வகை, அதாவது சங்கிலியின் இரண்டு பக்கமும் இரட்டைக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்கும். ஒரு சிஸ் வந்தால் சங்கிலி ஒரு திருப்பம் திரும்பும். நாலு வந்தால் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு மாதிரி தலையும் வாலும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகின்றன. நேர்க்கோடாக வரைந்திருந்தால் அழித்துவிட்டு வளைத்து வரையுங்கள், அந்த வளைவு இருந்தால்தான் அடுத்தது புரியும்.

இப்போது 7, 10, 13 ஆகிய மூன்று கார்பன்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே உள்ள ஹைட்ரஜன் சங்கிலியின் மற்ற இடங்களில் உள்ளதைவிட ரொம்பச் சுலபமாகக் கழன்றுவிடும், ஏனென்றால் அது போனபின் மிஞ்சும் ஒற்றை எலக்ட்ரானை இரண்டு பக்கத்து இரட்டைப் பிணைப்புகளும் பகிர்ந்து தாங்கிக்கொள்கின்றன. கழன்ற மறுகணம் ஆக்சிஜன் வந்து ஒட்டும். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ பழசானால் சிக்கு நாற்றம் அடிக்கிறதே, அங்கே நடப்பதும் இதேதான், அவற்றில் உள்ள லினோலிக் அமிலத்திலும் இப்படி நடுவில் மாட்டிய கார்பன் ஒன்று உண்டு. எல்டிஎல் துகளின் கொழுப்பிலும் அந்த அமிலம் நிறைய. குழாய்ச் சுவருக்குள் எல்டிஎல் ‘கெட்டுப்போகிறது’ என்று மேலே ஒற்றை வார்த்தையில் சொன்னேன், அது இந்தக் கார்பனில் தொடங்கும் வேலை.

எண்ணெய் சிக்குப் பிடிப்பது தறிகெட்டு நடக்கும். செல்லுக்குள் அதே வினையை சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி ஒழுங்காக நடத்துகிறது. செல்லின் ஜவ்விலிருந்து வெட்டி எடுத்த அராக்கிடோனிக் அமிலத்தை ஒரு குறுகிய சுரங்கத்துக்குள் வளைத்து உட்காரவைத்து, 13ஆம் கார்பனிலிருந்து ஒரு குறிப்பிட்ட ஹைட்ரஜனை மட்டும் உருவி, 11ஆவதில் ஆக்சிஜனை ஏற்றி, 8க்கும் 12க்கும் முடிச்சுப் போட்டு ஓர் ஐந்து மூலை வளையத்தை உண்டாக்குகிறது. இப்படி உண்டாகி வலியையும் அழற்சியையும் கிளப்பும் புராஸ்டகிளான்டின்களில் எதன் படத்தைப் பார்த்தாலும் நடுவில் ஓர் ஐங்கோணமும் இரண்டு வாலும் தெரிவது இதனால்தான். அங்கிருந்து ரத்தத் தட்டணு அதைத் திராம்பாக்ஸேனாக மாற்றி உறைதலைத் தூண்டுகிறது, குழாயின் உள்ளடுக்கு புராஸ்டாசைக்ளினாக மாற்றி உறைதலைத் தடுக்கிறது. ஒரே கயிற்றிலிருந்து எதிரும் புதிருமான இரண்டு பொருள்.

இங்கே ஆஸ்பிரினுக்குத் திரும்புங்கள். நீங்கள் வரைந்த அந்தச் சின்ன வாலை, ஆக்சிஜனை ஒட்டியிருந்த இரண்டு கார்பனை, அசிட்டைல் தொகுதி என்பார்கள். ஆஸ்பிரின் அதே சுரங்கத்துக்குள் போய் அங்கே உள்ள ஒரு செரின் அமினோ அமிலத்தின்மேல் அந்த வாலை ஒட்டிவிட்டு சாலிசிலிக் அமிலமாக வெளியே வந்துவிடுகிறது. ரப்பரால் அந்த இரண்டு கார்பனையும் அவற்றோடு இருக்கும் ஆக்சிஜனையும் அழித்து, மிஞ்சிய ஆக்சிஜனில் ஒரு ஹைட்ரஜனைப் போடுங்கள், அதுதான் சாலிசிலிக் அமிலம். ஒட்டிய வால் திரும்ப வராது, சுரங்கம் அடைத்தது அடைத்ததுதான். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள வழியில்லை, எனவே அதன் 7 முதல் 10 நாள் ஆயுள் முழுக்க அது ஊமை. குழாயின் உள்ளடுக்குச் செல்லுக்கு உட்கரு உண்டு, புதிதாகச் செய்துகொள்ளும். ஆகவேதான் 75 மி.கி. போதுமானதாக இருக்கிறது. இந்தச் சின்ன அளவில் ஆஸ்பிரின் உறைதலைத்தான் தடுக்கிறது, அழற்சியைக் குறைக்க இதைவிடப் பல மடங்கு வேண்டும். புராஸ்டகிளான்டின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971இல் காட்டிய ஜான் வேன் 1982 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்னொன்று, நெஞ்சில் ஒன்றும் வராதவர் ‘முன்ஜாக்கிரதை’ என்று தானாக ஆஸ்பிரின் தொடங்கக் கூடாது. வயிற்றிலும் மூளையிலும் ரத்தக் கசிவு வருவது உண்மையான ஆபத்து.

ஒரே எலும்புக்கூடு, வேறு வேலை

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். அட்டோர்வாஸ்டாட்டின் படம் பயமுறுத்தும், ஆனால் முழுதாகப் பார்க்க வேண்டாம். ஓரத்தில் இரண்டு ஓஹெச்சும் நுனியில் அமிலமும் கொண்ட ஒரு வாலைத் தேடுங்கள். கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதி பிடிக்கும் மூலப்பொருளைப் போலவே இருப்பது அந்த வால்தான், நொதி அதைப் பிடித்து ஏமாந்துவிடுகிறது. ரோசுவாஸ்டாட்டினிலும் அதே வால். சிம்வாஸ்டாட்டினில் காணோமே என்று தேடாதீர்கள், அங்கே அது வளையமாக மூடியிருக்கும், உடம்புக்குள் போய்த் திறந்துகொள்ளும். ஜப்பானின் அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த முதல் ஸ்டாட்டினும் இந்த வகைதான்.

பிரெட்னிசலோனை வரைவதுதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம். தகாயாசு தமனி அழற்சி, ராட்சதச் செல் தமனி அழற்சி போன்றவற்றில் பெரிய தமனிகளின் சுவரே அழற்சியில் தடித்துப்போகும், அவற்றுக்கு முதலில் கொடுப்பது இந்த ஸ்டீராய்டு வகை மருந்து. 21 கார்பன், 28 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன். கொலஸ்ட்ரால் வரைந்த தாளையே எடுங்கள். நாலு வளையமும் இரண்டு மெத்திலும் அப்படியே இருக்கட்டும். 8 கார்பன் வாலை 2 கார்பனாக வெட்டுங்கள், ஏற்கெனவே ஓஹெச் இருக்கும் இடத்தையும் சேர்த்து ஐந்து இடத்தில் ஆக்சிஜன் வரும்படி ஏற்றுங்கள், முதல் வளையத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்பு போடுங்கள், பழைய இரட்டைப் பிணைப்பை அழித்துவிடுங்கள். நிறைவுறாமை எண் 8: நாலு வளையம், இரண்டு கார்பன் இரட்டை, இரண்டு கார்பன்–ஆக்சிஜன் இரட்டை. குழாய்ச் சுவரில் படிந்து அழற்சியைக் கிளப்பும் பலகையும், அழற்சியை அடக்கும் மருந்தும் ஒரே சட்டகத்தில் செய்தவை.

கடைசிப் பயிற்சி: செங்காந்தள்

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். கிழங்கையும் செடியையும் கண்வலிக்கிழங்கு என்பார்கள், மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், யூரிக் அமிலத்தால் வரும் கௌட் மூட்டுவலிக்கு மருந்து. 22 கார்பன், 25 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 6 ஆக்சிஜன். கணக்கை நீங்களே போடுங்கள், 11 வர வேண்டும். படத்தில் மூன்று வளையம் தெரியும். முதலாவது பென்சீன், மற்ற இரண்டும் ஏழு மூலை. ஏழு மூலையை அறுகோணமாகப் படித்துவிடுவது ரொம்பச் சுலபம். விண்டாஸ் கோல்ச்சிசினை ஆராய்ந்தபோது கடைசி வளையத்துக்கு ஆறு மூலைதான் கொடுத்தார், அது ஏழு என்று 1945இல் மைக்கேல் டியூவார் சொன்னார், எக்ஸ்ரே பின்னர் உறுதிசெய்தது. எண்ணிப் பாருங்கள்: மூன்று வளையம், பென்சீனில் மூன்று இரட்டை, கடைசி வளையத்தில் மூன்று கார்பன் இரட்டையும் ஓர் ஆக்சிஜன் இரட்டையும், நைட்ரஜன் பக்கத்து அமைடில் ஒன்று.

இது செல்லுக்குள் உள்ள டியூபுலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. டியூபுலின் அடுக்கி நுண்குழல் கட்ட முடியாவிட்டால் நியூட்ரோபில் வெள்ளணு நகர முடியாது, என்எல்ஆர்பி3 அமைப்பும் ஒன்றுசேர முடியாது. 2019இல் கோல்காட் ஆய்வு, சமீபத்தில் மாரடைப்பு வந்த 4,745 பேரில், தினம் 0.5 மி.கி. எடுத்தவர்களிடம் அடுத்த இதய, மூளைப் பாதிப்புகள் 7.1 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைந்ததைக் காட்டியது. 2020இல் லோடோகோ2 ஆய்வில் நாள்பட்ட நோயாளிகளிடமும் குறைந்தது, 2023இல் அமெரிக்கா அந்த அளவுக்கு அனுமதி கொடுத்தது. 2024இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில் பயன் தெரியவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

இதை வாசித்துவிட்டு யாரும் தோட்டத்துக் கிழங்கைத் தொட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. மருந்துக்கும் விஷத்துக்கும் இடையே உள்ள தூரம் இந்த மூலக்கூறில் மிகக் குறைவு, கிழங்கைத் தின்று உயிரை விட்டவர்கள் நம் ஊர்களில் உண்டு. மருத்துவர் மாத்திரையாகத் தந்தாலும்கூட, கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை யாராவது எழுதிக்கொடுத்தால் கோல்ச்சிசின் எடுப்பதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அது கோல்ச்சிசினை உடம்பிலிருந்து வெளியேற விடாது.

நாளைக்கு வரைய ஒன்று: இபுபுரூஃபன். 13 கார்பன், 18 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன், எண் 5. வரைந்துவிட்டு ஆஸ்பிரினின் பக்கத்தில் வையுங்கள், அசிட்டைல் வால் இதில் இல்லை. எனவே சுரங்கத்தில் எதையும் ஒட்டாது, கொஞ்ச நேரம் வழியை மறித்து நின்றுவிட்டுப் போய்விடும். ஆனால் அது நிற்கும்போது ஆஸ்பிரின் வந்தால் செரினை எட்ட முடியாது, காத்திருக்கும் நேரத்தில் ஆஸ்பிரின் ரத்தத்திலிருந்தே காணாமல் போய்விடும். அப்பா முட்டிவலிக்கு இபுபுரூஃபன் போடும் நாட்களில் நான் ஆஸ்பிரினை முதலில் கொடுத்து, அரை மணி நேரமாவது கழித்துத்தான் மற்றதைத் தருகிறேன், அதுவும் டாக்டரிடம் கேட்ட பிறகு.